கிளார்க்சன் கத்தினால் நமக்கு வேகம் புரியுமா?

கேள்வி: ஜெரமி கிளார்க்சன், கிறிஸ் ஹாரிஸ் போன்ற பிரபலங்கள் சூப்பர் கார் ஓட்டிக் காட்டும் வீடியோக்களைப் பார்த்தால், பக்கத்து சீட்டில் நானே உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. நிஜத்தில் ஓட்டினாலும் அப்படித்தான் இருக்குமா?

பதில்: இருக்காது. அந்த நேரத்தில் கிளார்க்சனுக்கு எப்படி இருந்தது என்பது மட்டும்தான் கிளார்க்சனின் முகத்தில் தெரியும். அதிலும் கொஞ்சம் நடிப்பு உண்டு. தப்பில்லை, நானும் ரசித்துப் பார்ப்பவன்தான்.

வேகத்தைக் கண் பார்த்துக்கொள்ளும். ஆனால் வேகம் கூடுவதையும் குறைவதையும் உணர்வது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் முதுகும் கழுத்தும்தான். 3 விநாடியில் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் காரில், உங்கள் எடைக்குக் கொஞ்சமே குறைவான விசை உங்களை சீட்டோடு சேர்த்து அழுத்தும். கேமராவைக் காரோடு இறுக்கிப் பொருத்தியிருப்பதால் அதற்கு இதெல்லாம் தெரியாது. சத்தமும் அப்படித்தான். வயிற்றில் அதிரும் இன்ஜின் உறுமல் உங்கள் போனில் வெறும் இரைச்சலாக வந்து சேரும்.

பந்தயத் தடத்தில் இப்படி ஒரு காரை ஓட்ட எனக்கு வாய்த்தபோது, மனதில் நின்றது வேகம் அல்ல, பிரேக். பெடல் கல் மாதிரி இருந்தது. எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்பது கணக்கே இல்லை, எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்பதுதான் கணக்கு. "இன்னும் மிதிங்க சார், இன்னும்" என்றார் பக்கத்தில் இருந்த பயிற்சியாளர். முழு பலத்தோடு மிதித்ததும் உடம்பு பெல்ட்டில் தொங்கியது, மூக்குக் கண்ணாடி நழுவி மூக்கு நுனிக்கு வந்தது. நிமிர்ந்து பார்த்தால், திரும்ப வேண்டிய வளைவு இன்னும் எங்கோ இருந்தது! இதை எந்த வீடியோவும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. சொன்னாலும் புரிந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

வீடியோக்களில் நீங்கள் அதிகம் பார்ப்பது, பின்சக்கரம் புகை கக்க கார் பக்கவாட்டில் சறுக்குவதை. கிளார்க்சன் நடத்திய 'டாப் கியர்' என்ற பிரிட்டிஷ் டிவி கார் நிகழ்ச்சிக்காரர்கள் இங்கிலாந்தின் டன்ஸ்ஃபோல்ட் விமானத் தளத்தில் இதை விடாமல் செய்தார்கள். இடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாத திறந்தவெளி, பார்க்கவும் அழகு. ஆனால் சறுக்கும் கார் நேரத்தை இழக்கிறது. ஒரு சுற்றுக்கு ஆகும் நேரத்தை அளக்க வேண்டும் என்றால் அவர்களே ஸ்டிக் என்ற முகமூடி ஓட்டுநரிடம்தான் காரைக் கொடுத்தார்கள். அவர் சறுக்காமல் ஓட்டுவார், பேசவும் மாட்டார்.

நிஜமான உச்ச வேகமோ கேமராவுக்குச் சப்பென்று இருக்கும். ஜெர்மனியில் ஏரா-லெசியன் சோதனைத் தடத்தின் கிட்டத்தட்ட 9 கிலோமீட்டர் நேர்கோட்டில், 2007-இல் 'டாப் கியர்' தொகுப்பாளர்களில் ஒருவரான ஜேம்ஸ் மே புகாட்டி வேரான் காரை 407 கிலோமீட்டர் வேகம் வரை கொண்டுபோனார். படத்தில் என்ன தெரிந்தது? ஒரு மனிதர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். வேகத்தைச் சொன்னது மீட்டரில் இருந்த எண்தான்.

இன்னொன்று, அவர்கள் காட்டாத மெதுவான பகுதி. பழைய லம்போர்கினி கௌன்டாக்கில் பின்னால் சரியாகத் தெரியாது. ரிவர்ஸ் எடுக்க, மேல்நோக்கித் திறக்கும் கதவைத் தூக்கிவிட்டு, வாசல் விளிம்பில் ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபடி ஓட்டுவார்கள். போர்ஷே கரேரா ஜிடியின் கிளட்சைப் பழகாதவர் விட்டால், கிளம்பும் இடத்திலேயே இன்ஜின் நின்றுவிடும். சொந்தமாக வைத்திருப்பவருக்கு இதெல்லாம் அன்றாடம் வரும், 300 கிலோமீட்டர் வேகம் எப்போதாவது வந்தால் உண்டு.

கேள்வி: விமர்சகர்கள் ஓட்டும் காரும் கடையில் விற்கும் காரும் ஒன்றுதானா?

பதில்: எப்போதும் ஒன்று என்று நம்ப வேண்டாம். பத்திரிகைகளுக்குக் கொடுக்கும் கார்களை ஃபெராரி எப்படித் தயார்செய்து அனுப்புகிறது என்று கிறிஸ் ஹாரிஸே 2011-இல் காட்டமாக எழுதினார். அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது அதற்குப் பிறகுதான்.

கேள்வி: அப்படியானால் யாருடைய வீடியோவைத்தான் பார்ப்பது?

பதில்: அமெரிக்க டிவி தொகுப்பாளர் ஜே லெனோவைப் பாருங்கள். மெக்லாரன் எஃப்1 காரைச் சொந்தமாக வைத்திருப்பவர். பெரும்பாலும் சாதாரண சாலையில், சாதாரண வேகத்தில் ஓட்டியபடி பேசுவார். கிளட்ச் கனமா, இன்ஜின் என்ன செய்கிறது என்பதெல்லாம் அவர் பேச்சில் வந்துவிடும். கத்த மாட்டார்.

யாரைப் பார்த்தாலும் சரி, முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பாருங்கள். ஸ்டியரிங்கைத் துளித்துளியாகத் திருத்திக்கொண்டே இருப்பது தெரியும். காலுக்குப் பக்கத்தில் கேமரா வைத்திருந்தால் இன்னும் நல்லது. வளைவுக்குள் நுழையும்போது பிரேக்கிலிருந்து காலைச் சட்டென்று எடுக்க மாட்டார்கள், கொஞ்சம் கொஞ்சமாக விடுவார்கள். அப்போதுதான் பாரம் முன்டயர்களில் தங்கி, நாம் திருப்பிய பக்கம் கார் திரும்பும்.