‘பிலீவ்’ பாட்டில் குரல் வெட்டும் அந்த இடம்

கேள்வி: 2000-ஐ ஒட்டிய வருடங்களில் உலகம் முழுக்க முதலிடம் பிடித்த கிளப் நடனப் பாடல்களில், இன்றும் நீங்கள் தேடிக் கேட்பது எது? ஏன்?

அமெரிக்கப் பாடகி செர் பாடிய ‘பிலீவ்’. எனக்கு யோசிக்கவே வேண்டாம்.

1999-இல் நான் கல்லூரி முதலாண்டு. விடுதியில் பக்கத்து அறை அண்ணன் ஒரு கேசட்டில் பத்துப் பன்னிரண்டு ஆங்கில நடனப் பாடல்களை வரிசையாகப் பதிந்து வைத்திருந்தார். இரவல் வாங்கி வாக்மேனில் போட்டேன். மூன்றாவதோ நான்காவதோ பாட்டு. ஆரம்பித்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, அந்தப் பெண் குரல் சட்டென்று வெட்டி வெட்டித் தாவியது. நாடா சிக்கிவிட்டது என்று பயந்து கேசட்டை வெளியே எடுத்தேன். பல்சக்கரத்தில் பென்சிலை விட்டுச் சுற்றி, நாடாவை இறுக்கி மறுபடி போட்டேன். அதே இடத்தில் அதே வெட்டு. அண்ணனிடம் கொண்டுபோனேன். “கேசட் நல்லாத்தான் இருக்கு. பாட்டே அப்படித்தான்டா” என்றார். அன்று இரவு எத்தனை முறை ரீவைண்ட் செய்தேன் என்று கணக்கில்லை.

இப்போது ஒலிப்பதிவுக் கூடத்தில் குரல்களைச் சீர்செய்வதுதான் என் தொழில். அந்த வெட்டு என்னவென்று இன்று விளக்க முடிகிறது.

ஆட்டோ-டியூன் என்ற மென்பொருள் 1997-இல் வந்தது. அதை உருவாக்கிய ஆண்டி ஹில்டெபிராண்ட், அதற்கு முன் நிலத்துக்கு அடியில் அனுப்பிய ஒலி அலைகள் திரும்பி வருவதை ஆராய்ந்து எண்ணெய் இருக்கும் இடம் தேடும் துறையில் இருந்தவர். சுருதி கொஞ்சம் விலகினால் வெளியே தெரியாமல் இழுத்துச் சேர்ப்பதுதான் அந்த மென்பொருளின் வேலை. எவ்வளவு நேரத்தில் இழுத்து முடிக்க வேண்டும் என்பதற்கு அதில் ஓர் அளவு உண்டு. மெதுவாக வைத்தால் யாருக்கும் தெரியாது. பூஜ்யத்தில் வைத்தால், ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகக் குரலுக்கு நேரமே கிடைக்காது, தாவிவிடும். திரையில் பார்த்தால் வளைந்து நெளிந்து ஓடும் கோடு படிக்கட்டாகிவிடும். நம் காதுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், கமகத்தை முழுக்க வழித்தெடுத்துவிட்டு வெறும் சுரங்களை அடுக்கி வைத்தது போல.

லண்டன் பக்கம் கிங்ஸ்டனில் இருந்த ஒரு ஸ்டுடியோவில் மார்க் டெய்லரும் பிரையன் ராலிங்கும் இந்தப் பாட்டைத் தயாரித்தார்கள். டெய்லர்தான் அந்த அளவை அடிமட்டத்துக்கு இறக்கிப் பார்த்தவர். ரகசியம் வெளியே போகக் கூடாது என்று, கேட்டவர்களிடம், குரலை இயந்திரக் குரலாக மாற்றும் வோகோடர் என்ற கருவி என்றே சொல்லிவந்தார்கள். பாட்டை வெளியிடும் கம்பெனி அந்த எஃபெக்ட்டை எடுத்துவிடச் சொன்னபோது செர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். அந்தப் பிடிவாதத்துக்காகவே அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஆனால் என்னை இன்னமும் விடாமல் பிடித்திருப்பது இந்தத் தொழில்நுட்பம் இல்லை. அது எந்த வரியில் விழுகிறது என்பதுதான். எவ்வளவு முயன்றும் உன் மனதுக்குள் வர முடியவில்லை என்று அந்தப் பெண் சொல்கிற இடத்தில்தான் முதல் வெட்டு. காதலன் விட்டுப் போகிறான். அழுகிற குரலில் தழுதழுப்பு வரும் அல்லவா, அந்த இடத்தில் இயந்திரம் வந்து நிற்கிறது. பல்லவிக்கு வந்ததும் செர் அந்த வித்தையின் தயவில்லாமல், தன் கனத்த குரலை முழுசாகத் திறந்து பாடுகிறார். காதல் போன பிறகும் வாழ்க்கை உண்டா என்ற கேள்விதான் பல்லவி. சரணத்தில் நொறுங்கியவள் பல்லவியில் எழுந்து நிற்கிறாள். கீழே டிரம் நிமிடத்துக்கு 133 தட்டு என்று நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது.

1998 அக்டோபரில் வெளியாகி, பிரிட்டனில் தொடர்ந்து 7 வாரம் முதலிடம். அந்த வருடம் அங்கே அதிகம் விற்ற சிங்கிளும் (ஆல்பமாக அல்லாமல் தனிப்பாட்டாக வெளியிடுவது) இதுதான். 1999 மார்ச்சில் அமெரிக்காவிலும் முதலிடம் வந்தபோது பாடகி செர் அவர்களுக்கு வயது 52. அங்கே அவர் அதற்கு முன் முதலிடத்தில் இருந்தது 1974-இல். கால் நூற்றாண்டு! 52 வயதில் ஒரு பெண் கிளப்புகளையெல்லாம் ஆட வைத்தார் என்பதை நினைத்தால் இன்றும் சந்தோஷமாக இருக்கிறது.

அந்தக் காலத்துப் பாடல்கள் வெறும் குதியாட்டம் என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. இத்தாலியின் டூரின் நகரத்து ஐஃபல் 65 குழுவின் ‘ப்ளூ’ 1999-இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. வீடும் காரும் உலகமும் நீலமாகிப் போன, பேச்சைக் கேட்க ஆளில்லாத ஒருவனின் கதை அது. அங்கேயும் இயந்திரக் குரல்தான். அடுத்த வருடம் வந்த ‘க்ரூவ்ஜெட்’ பாட்டில் இது காதலா இல்லையா என்ற தவிப்பு. அதன் அடியில் ஓடுவது எழுபதுகளின் டிஸ்கோ இசைத் துண்டு. அப்புறம் பின்லாந்தின் டாரூட் செய்த ‘சாண்ட்ஸ்டார்ம்’, அதில் பாட்டு வரிகளே கிடையாது, நல்ல வேகம். ஆனால் ‘பிலீவ்’ அளவுக்கு என்னைத் தொட்டது எதுவும் இல்லை.

என் வேலையில் பாடகர்கள் அடிக்கடி, “அண்ணா, அந்த ஆட்டோ-டியூன் எஃபெக்ட் போடுங்க” என்று கேட்பார்கள். எந்த வரிக்கு என்றுதான் முதலில் கேட்பேன்.