கலிபோர்னியாவில் புது வீடு: கட்டாய சோலாரில் கையெழுத்துப் போடும் முன்

கேள்வி: ட்ரேசியில் புது வீட்டுக்கு முன்பணம் கட்டியிருக்கிறோம். "சோலார் சட்டப்படி கட்டாயம், வீட்டோடு சேர்ந்தே வருகிறது" என்றார் விற்பனைப் பிரதிநிதி. கையெழுத்துக்கு வந்த தாளில் 25 வருட லீஸ், மாதம் 100 டாலர், வருடத்துக்கு 2.9 சதவீத உயர்வு என்று இருக்கிறது. இதுவும் சட்டமா?

பதில்: இல்லை. புது வீட்டுக்கு சோலார் வேண்டும் என்பதோடு சட்டம் நின்றுவிடுகிறது. 2020 ஜனவரி 1 முதல் அனுமதிக்கு விண்ணப்பித்த தனி வீடுகளுக்கும், மூன்று தளம் வரையிலான குடியிருப்புகளுக்கும் டைட்டில் 24 என்ற மாநிலக் கட்டட விதித்தொகுப்பு இதைக் கேட்கிறது. அந்த பேனல்களை ரொக்கமாக வாங்கலாம், வீட்டுக் கடனில் சேர்க்கலாம், லீஸ் எடுக்கலாம், உற்பத்தியாகும் யூனிட்டுக்கு மட்டும் பணம் தரும் ஒப்பந்தமும் போடலாம். லீஸ்தான் என்பது பில்டரின் முடிவு.

கணக்கைப் பாருங்கள். 100 டாலர் 25ஆம் வருடத்தில் ஏறத்தாழ 199 டாலர் ஆகிவிடும். மொத்தம் கட்டுவது சுமார் 43,200 டாலர். அதன் பிறகும் பேனல் உங்களுடையது அல்ல. அப்படியிருக்க "வீட்டோடு சேர்ந்தே வருகிறது" என்று சொல்வது வாங்குபவரைத் தவறாக நினைக்க வைக்கும் பேச்சு.

பில்டர்கள் லீஸைத் தள்ளுவதற்குக் காரணம் உண்டு. சொந்தமாக வாங்குபவருக்குக் கிடைத்துவந்த 30 சதவீத மத்திய வரிச் சலுகை 2025 டிசம்பர் 31-உடன் முடிந்தது. லீஸ் நிறுவனங்களுக்கான சலுகை அப்போதே முடியவில்லை. அதில் எவ்வளவு உங்கள் மாதக் கட்டணத்தில் குறைந்திருக்கிறது என்று கேளுங்கள்.

கையெழுத்துக்கு முன் ரொக்க விலையை எழுத்தில் வாங்குங்கள். அந்த எண் இல்லாமல் லீஸ் மலிவா, விலை கூடுதலா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டியது வருடாந்திர உயர்வு. அதைப் பூஜ்யமாக்கக் கேளுங்கள், தொடக்கக் கட்டணம் சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. அடுத்து, எந்த வருடத்தில் என்ன விலைக்கு நீங்களே வாங்கிக்கொள்ளலாம் என்ற பட்டியல். கூரை ஒழுகினால் பொறுப்பு யாருடையது, கூரை மாற்றும்போது பேனலைக் கழற்றி மாட்டும் செலவு யாருக்கு என்பதும் எழுதியிருக்க வேண்டும். வீட்டை விற்கும்போதுதான் பெரிய சிக்கல் வரும். வாங்குபவர் லீஸை ஏற்க வேண்டும், லீஸ் நிறுவனமும் அவரை ஏற்க வேண்டும். அவர் மறுத்தால் மீதியைக் கட்டி முடிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழலாம்.

கேள்வி: எங்கள் வீடு 2,500 சதுர அடி, இரண்டு மின்சார கார்கள். பில்டர் வைப்பது 3 கிலோவாட் மட்டும். விதிப்படி சரிதான் என்கிறார். போதுமா?

பதில்: விதிக்குச் சரி, உங்களுக்குப் போதாது. குறைந்தபட்ச அளவு ஒரு சூத்திரத்தில் வருகிறது. சதுர அடியை உங்கள் தட்பவெப்ப மண்டலத்துக்கான எண்ணால் பெருக்கி, 1,000-ஆல் வகுத்து, வீட்டுக்கான நிலையான எண்ணைக் கூட்ட வேண்டும். 2022 விதித்தொகுப்பின்படி, சாக்ரமெண்டோ அடங்கும், உங்கள் வீடும் இருக்கும் 12ஆம் மண்டலத்துக்கு அவை 0.613-உம் 1.40-உம். 2,500 சதுர அடிக்கு 2.93 கிலோவாட். பில்டரின் 3 இங்கிருந்துதான் வந்தது.

இந்தச் சூத்திரத்தில் கார் கிடையாது. வெந்நீருக்கும் சூடேற்றவும் எரிவாயு பயன்படுத்தும் வீட்டின் மின் செலவை வைத்துப் போட்ட கணக்கு இது. 3 கிலோவாட் வருடத்துக்குச் சுமார் 4,500 யூனிட் தரும். வருடம் 12,000 மைல் ஓடும் ஒரு காருக்கே 3,400 யூனிட் வரை வேண்டும்.

அதற்காகக் கூரை முழுக்க பேனல் போடச் சொல்லவில்லை. 2023 ஏப்ரல் 14-க்குப் பிறகு சோலார் இணைப்புக்கு விண்ணப்பித்தவர்களுக்கு, பிஜி அண்ட் இ போன்ற மூன்று பெரிய மின் நிறுவனங்களின் பகுதியில், நண்பகலில் வெளியே அனுப்பும் யூனிட்டுக்குச் சில சென்ட்தான் வரவு. மாலை 4 முதல் 9 வரை வாங்குவதோ மிக அதிக விலை. பகலில் கார் வீட்டில் நின்றால் பேனலைக் கூட்டுங்கள். இரவில்தான் சார்ஜ் என்றால் பேட்டரியோடு சேர்த்து யோசியுங்கள். 7.5 யூனிட் கொள்ளளவுள்ள பேட்டரி வைத்தால் கட்டாய பேனல் அளவை 25 சதவீதம் குறைக்க விதியே இடம் தருகிறது. சில பில்டர்கள் அந்தக் குறைப்பைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்வார்கள். பேட்டரி வாங்கினாலும் பேனல் குறையக் கூடாது என்று எழுதி வாங்குங்கள்.

சரிபார்க்க சிஎஃப்1ஆர் என்ற சான்றிதழைக் கேளுங்கள். உங்கள் வீட்டுக்குத் தேவையான கிலோவாட் அதில் இருக்கும். நிறுவி முடித்ததும் சிஎஃப்2ஆர் வரும். இரண்டிலும் எண் ஒத்துப்போக வேண்டும். பேனல் எந்தத் திசையில் என்பதையும் பாருங்கள். தெற்கும் மேற்கும் நல்லது. மாலை மின்சாரம் விலை கூடியது என்பதால் மேற்குக்கு இப்போது கூடுதல் மதிப்பு.

கேள்வி: ஃப்ரீமாண்டில் பழைய வீடு. கூரை ஓடு மாற்றப் போகிறோம். அப்பா அம்மாவுக்காகப் பின்புறம் 750 சதுர அடியில் தனி வீடு கட்ட 2025-இல் விண்ணப்பித்தோம். இரண்டுக்கும் சோலார் வேண்டுமா?

பதில்: கூரை மாற்றுவதற்கு மாநில விதி சோலார் கேட்பதில்லை. உங்கள் நகரம் தனியாக விதி வைத்திருக்கிறதா என்று கட்டட அனுமதி அலுவலகத்தில் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பின்புற வீடு தனிக் கட்டடம் என்பதால் புது வீடாகவே கணக்கு. ஆனால் சூத்திரத்தில் 1.8 கிலோவாட்டுக்குக் கீழே வந்தால் விலக்கு உண்டு. ஃப்ரீமாண்ட் 3ஆம் மண்டலம்; எண்கள் 0.628, 1.12. உங்களுக்கு வருவது 1.59, எனவே வேண்டாம். அதே வீட்டை 12ஆம் மண்டலத்தில் கட்டினால் 1.86 வரும், கட்டாயமாகிவிடும். அங்கே சுமார் 100 சதுர அடி குறைத்தாலே விலக்குக்குள் வந்துவிடலாம் என்பதால் வரைபடம் முடிவாகும் முன்பே கணக்கைப் போடுவது நல்லது. இருக்கும் வீட்டோடு ஒட்டிக் கட்டுவதும், கராஜை வீடாக்குவதும் விரிவாக்கம்தான். அவற்றுக்கு இந்தக் கட்டாயம் இல்லை.

கேள்வி: குடிவந்து ஒரு மாதம். பேனல் இருந்தும் முழு பில் வருகிறது. கரண்ட் போனபோதும் வேலை செய்யவில்லை. பழுதா?

பதில்: பெரும்பாலும் பழுதில்லை. மின் நிறுவனத்தின் இயக்க அனுமதி வரும்வரை, பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டரை இயக்கக் கூடாது. அனுமதிக் கடிதம் வந்ததா, விண்ணப்பம் இப்போது உங்கள் பெயரில் இருக்கிறதா என்று பில்டரிடம் கேளுங்கள். கணக்கு அவர் பெயரிலேயே நின்றுபோவதால் தாமதமாவது உண்டு. லீஸ் என்றால், அனுமதி வருவதற்கு முந்தைய மாதத்துக்குக் கட்டணம் கேட்கிறார்களா என்றும் பாருங்கள்.

வெளியே கரண்ட் போனால் இன்வெர்ட்டர் தானாக நிற்க வேண்டும். கம்பத்தில் வேலை செய்பவரின் உயிருக்காக வைத்த ஏற்பாடு. பேட்டரி இருந்தால்தான் அப்போதும் மின்சாரம். 2023 முதல் விண்ணப்பித்த வீடுகளில் பேட்டரிக்கான முன்னேற்பாடு கட்டாயம் என்பதால், பின்னால் சேர்க்கும்போது மின்பலகையை மாற்ற வேண்டியிராது. ஃபிரிட்ஜ் உட்பட நான்கு சர்க்யூட்டாவது அதற்கெனப் பிரித்திருக்கிறார்களா என்று பலகையின் மூடியில் ஒட்டிய பட்டியலில் பாருங்கள்.