படம் ஏன் படுத்துக்கொள்கிறது? – கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, போனில் நிமிர்ந்து தெரியும் படம் விண்டோஸ் 7 கணினியில் படுத்துக் கிடக்கிறது. கேமரா கோளாறா?

பதில்: இல்லை. போனை நிமிர்த்திப் பிடித்தாலும் சென்சார் பெரும்பாலும் அகலவாக்கில்தான் பதிவு செய்யும். 'காட்டும்போது வலப்பக்கம் 90 டிகிரி திருப்பு' என்பதற்கு படக் கோப்புக்குள்ளேயே இருக்கும் எக்ஸிஃப் என்ற குறிப்பில் போன் 6 என்று எழுதி வைக்கும். 1 என்றால் திருப்ப வேண்டாம், 3 தலைகீழ், 8 இடப்பக்கம். மீதி நான்கும் கண்ணாடிப் பிம்பம், அபூர்வம். விண்டோஸ் 7 போட்டோ வியூவர் இந்த எண்ணைச் சட்டை செய்வதே இல்லை. குரோமே 2020-இல் வந்த 81ஆம் பதிப்பிலிருந்துதான் இணையப் பக்கப் படங்களைத் தானாக நிமிர்த்துகிறது. எதைச் செய்தாலும் நகலில் செய்யுங்கள்.

கேள்வி: நிமிர்த்திச் சேமித்தேன். வேறு மென்பொருளில் தலைகீழாகவோ சாய்ந்தோ வருகிறது.

பதில்: முதல் மென்பொருள் பிக்சல்களைத் திருப்பிவிட்டு, 6-ஐ 1 ஆக்க மறந்திருக்கும். அடுத்தது அதை நம்பி மறுபடி திருப்புகிறது. எக்ஸிஃப் குறிப்பைத் திருத்தும் எக்ஸிஃப்டூல் மென்பொருளில் ஓரியன்டேஷனை, அதாவது அந்த எண்ணை, 1 ஆக்குங்கள். நகலில்!

கேள்வி: பைத்தான் நிரலில், பில்லோ என்ற பட நூலகத்தை வைத்து நிமிர்த்துவது எப்படி?

பதில்: அதன் இமேஜ்ஆப்ஸ் பகுதியில் எக்ஸிஃப்_டிரான்ஸ்போஸ் என்ற கட்டளை. ஒரு வரி வேலை.

கேள்வி: எண்ணை நம்பவே கூடாது சார். எல்லாவற்றையும் திருப்பிச் சேமிப்பதே எங்கள் ஸ்டுடியோ வழக்கம்.

பதில்: ஜேபெக்கைச் சேமிக்கும்போதெல்லாம் தரம் கொஞ்சம் தேயுமே? ஜேபெக்டிரான் என்ற மென்பொருள் மறுபடி சுருக்காமல், 8 அல்லது 16 பிக்சல் கட்டங்களாகத் திருப்பும். 4032×3024 படம் 16-ஆல் மீதியின்றி வகுபடும், பிரச்சினையில்லை. அளவு அப்படி வகுபடாத, வெட்டிய படமென்றால் ஓரத்தில் ஒரு கீற்று திரும்பாமல் நிற்கும்.

கேள்வி: அந்தக் கீற்றை வெட்டும் வசதியும் அதிலேயே இருக்கிறது. போவது அதிகபட்சம் 15 பிக்சல்தானே சார்?

பதில்: கண்ணுக்குத் தெரியாது, சரி. ஆனால் வாடிக்கையாளரின் மூலப் படத்தை ஏன் தொட வேண்டும்? ஓர் எண்ணை மாற்றினால் போதும், ஒரு பிக்சலும் போகாது.

கேள்வி: பிரிண்ட் மெஷின் எண்ணைப் படிக்காதே?

பதில்: அப்போது பிரிண்டுக்குப் போகும் நகலை மட்டும் திருப்புங்கள். மூலம் அப்படியே இருக்கட்டும். இதில் நான் இறங்கி வருவதாக இல்லை.

கேள்வி: என் படமும் படுத்திருக்கிறது, கேமரா கோளாறா?

பதில்: முதல் பதில்.

கேள்வி: மேஜையில் வைத்த ரேஷன் கார்டை எடுத்தால் மட்டும் சாய்கிறதே?

பதில்: நல்ல கேள்வி. புவியீர்ப்பை வைத்துத்தான் போன் மேல், கீழ் கண்டுபிடிக்கிறது. தரையைப் பார்த்துக் கவிழ்ந்திருந்தால் அதற்குத் திசை பிடிபடாது. முதலில் நேராக நிமிர்த்துங்கள், திரையின் ஐகான்கள் நேரானதும் மெதுவாகக் கவிழ்த்து எடுங்கள்.