காணி உறுதி வீட்டிலேயே இருக்கட்டும்

அன்புள்ள அக்கா,

மகன் கைவிட்டுப் போய்விட்டான் என்று தொடங்கியிருந்தீர்கள். குடியோ, கஞ்சாவோ என்று பயந்துகொண்டே படித்தேன். கடைசியில் பார்த்தால், பொய்க் கடிதத்தை வைத்துக் கனடா விசாவுக்கு விண்ணப்பிக்க மாட்டேன் என்றதுதான் அவன் செய்த குற்றம்! இப்படியொரு முறைப்பாடு எனக்கு வருவது இதுதான் முதல் தடவை.

ஆனால் உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி, முகாமில் இருந்து, தறப்பாள் கொட்டிலில் திரும்பத் தொடங்கிய குடும்பம் நீங்கள். ஒரு பிள்ளையாவது கனடாவில் கால் வைத்துவிட்டால் நிம்மதி என்று நினைப்பதைப் பேராசை என்று யாரும் சொல்ல முடியாது.

சரி, ஏஜென்சிக்காரர் கேட்பதைப் பார்ப்போம். மாமாவின் கடையில் இரண்டு வருடம் வேலை செய்ததாக ஒரு கடிதம். வட்டிக்கு எடுத்த காசை உங்கள் சேமிப்பு என்று வங்கிக் கணக்கில் காட்டுவது. இதற்கெல்லாம் கிளிநொச்சிக் காணியை ஈடு வைப்பது. “எல்லாரும் செய்யிறதுதான்” என்கிறாராம். பிடிபட்டால் தடை விழுவது அவர் பெயரில் இல்லையே. பொய்த் தகவல் கொடுத்தவர் என்று முடிவானால் கனடாவுக்கு 5 வருடம் போக முடியாது. பிரித்தானியாவில் 10 வருடம் வரை இழுக்கும். காணியின் வட்டி மட்டும் ஒரு மாதமும் நிற்காது.

இந்தக் கணக்கு உங்களுக்காகச் சொன்னது. மகன் கணக்குப் பார்த்து மறுக்கவில்லை. “பிடிபடாட்டியும் அது பொய்தானே அம்மா” என்று கேட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஞாயிறு பள்ளிக்கு அவனைக் கைபிடித்துக் கூட்டிப்போனது யார் அக்கா?

இனித் தம்பிக்கு. இந்தப் பகுதியை அவனிடம் வாசிக்கக் கொடுங்கள்.

தம்பி, பொய்யை மறுத்தது சரி. ஆனால் அதற்கு அடுத்த வசனமாக “படிப்பெல்லாம் உலகக் காரியம், நான் சபையோடேயே இருக்கிறேன்” என்றாயாம். அங்கேதான் எனக்கு இடிக்கிறது. வேதாகமத்தில் வரும் தானியேலைப் பார். பாபிலோனில் ராஜாவின் சாப்பாட்டைத்தான் வேண்டாம் என்றான். மூன்று வருடப் படிப்பை வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்நிய மொழியையும் எழுத்தையும் படித்து, அரசனின் கேள்விகளுக்கு எல்லாரையும் விட நன்றாகப் பதில் சொன்னான். பவுலும் கூடாரம் தைத்துக்கொண்டுதான் ஊழியம் செய்தார். உயர்தரத்தில் கணிதப் பிரிவில் ஒரு பி, இரண்டு எஸ் (சாதாரண சித்தி) எடுத்துவிட்டு, இரண்டாம் தரம் எழுதப் பயந்து ஊழியத்துக்குள் ஒளிந்துகொள்கிறாயோ என்று சந்தேகப்படுகிறேன். பிழையென்றால் நேரில் வந்து சண்டை பிடி.

உயர்தரம் மூன்று தரம் எழுதலாம். உனக்கு இன்னும் இரண்டு இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் 55 சதவீத இடங்கள் மாவட்டவாரியாகப் பிரித்துக் கொடுக்கப்படுகின்றன. அதற்கு மேல் பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 சதவீதம். கிளிநொச்சியும் அந்தப் பட்டியலில் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில், உன் வீட்டிலிருந்து பஸ் தூரம். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இஸட் புள்ளி அதற்குக் காணாவிட்டால் வவுனியாப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞானத்தைப் பார்க்கலாம். அதுவும் சரிவராவிட்டால் அதே அறிவியல் நகரில் ஜெர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் இருக்கிறது. என்விகியூ என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழோடு வெளியே வரலாம். அந்தப் பாதையில் மேலே ஏறிப் பட்டம் வரைக்கும் போகவும் வழி உண்டு. இவற்றில் எதற்கும் யாரும் பொய்க் கடிதம் கேட்க மாட்டார்கள்.

உண்மையிலேயே முழுநேர ஊழியத்துக்குத்தான் அழைப்பு என்றால், அதற்கும் படிப்பு இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் மருதனார்மடத்தில் இறையியல் கல்லூரி இருக்கிறது. முதலில் உங்கள் பாஸ்டரிடம் கேள், உயர்தரத்தை முடிக்காமல் வரச் சொல்கிறாரா என்று.

அக்கா, சனிக்கிழமை மகனோடு வாருங்கள். பெறுபேற்றுத் தாளும் அடையாள அட்டையும் போதும். காணி உறுதியைக் கொண்டுவர வேண்டாம். ஏஜென்சிக்காரரிடம் ஏற்கனவே கொடுத்திருந்தால், சனி வரை காத்திருக்காமல் இன்றைக்கே போய் வாங்கிக்கொள்ளுங்கள்.