சைக்கிள் சந்தேகம்: முதலில் டிஸ்க், அப்புறம் பிரேக்

கேள்வி: அண்ணே, வணக்கம். சிங்கப்பூர் சுவா சூ காங்கில் இருக்கிறேன். வயது 31, எடை 88 கிலோ. வாரக் கடைசியில் செஸ்நட், புக்கிட் தீமா, எப்போதாவது புலாவ் உபின் என்று மலை சைக்கிள் ஓட்டுவேன். வரும் பிப்ரவரியில் நண்பர்கள் நாலு பேர் நியூசிலாந்தின் குவீன்ஸ்டவுனுக்குப் போகிறோம். பத்து நாள், கேபிள் காரில் ஏறுவது, சைக்கிளில் இறங்குவது, அவ்வளவுதான் திட்டம். என்னிடம் இருப்பது ஷிமானோ எஸ்எல்எக்ஸ் 7100, இரண்டு பிஸ்டன் பிரேக், முன்னும் பின்னும் 180 மில்லிமீட்டர் டிஸ்க். டவுன்ஹில்லுக்கு இது சரிவராது, இருப்பதிலேயே விலை கூடிய நாலு பிஸ்டன் செட் வாங்கு என்கிறார்கள் கூட வருகிறவர்கள். வீட்டில் மனைவி கணக்குக் கேட்கிறார். எதை வாங்க?

பதில்: தம்பி, மனைவி கேட்கிற கணக்கு இருக்கட்டும். அதற்கு முன்னால் மலையின் கணக்கு ஒன்று இருக்கிறது.

நம் ஊரிலேயே உயரமான இடம் புக்கிட் தீமா. முழுசாக 164 மீட்டர்கூட இல்லை. நாம் ஓட்டுகிற பாதை அந்த உச்சிக்குப் போவதும் இல்லை, காட்டின் ஓரமாகச் சுற்றிக்கொண்டு வருகிறது. இறக்கம் என்று நாம் பெருமையாகச் சொல்வதெல்லாம் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அப்புறம் மிதிக்க வேண்டியதுதான். அந்த நேரத்தில் டிஸ்க் ஆறிப்போகிறது. குவீன்ஸ்டவுனில் கேபிள் கார் உங்களை ஏரியிலிருந்து 450 மீட்டர் மேலே கொண்டுபோய் விடும். நீங்கள், சைக்கிள், ஹெல்மெட், முட்டிக் கவசம் எல்லாம் சேர்ந்து 105 கிலோ என்று வையுங்கள். அந்த உயரத்திலிருந்து கீழே வந்து நிற்பதற்குள் நீங்கள் கரைக்க வேண்டிய சக்தி, நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர் ஒன்றரை லிட்டரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை வாங்கிக்கொள்வது டிஸ்க் என்கிற, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய இரண்டு இரும்புத் தட்டுகள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, பத்து நாளைக்கு.

டவுன்ஹில் பிரேக் என்று தனியாக ஒன்று ஏன் இருக்கிறது என்றால் இதற்காகத்தான். பிஸ்டன் என்பது டிஸ்க்கை இருபுறமும் கவ்வும் பேட்டுகளைத் தள்ளுகிற சின்ன உருளை. சைக்கிளை ஒரு தடவை நிறுத்துவதற்கு உங்கள் இரண்டு பிஸ்டனே போதும். திரும்பத் திரும்பச் சூடாகி, அப்போதும் லீவர் அதே இடத்தில் கடிக்க வேண்டும். கஷ்டம் அதில்தான்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முதன்முதலாக நியூசிலாந்து போனபோது என் சைக்கிளில் இருந்தது டாட் என்ற பிரேக் திரவம் ஓடும் பிரேக். மூன்று வருடமாக நான் அந்தத் திரவத்தை மாற்றவே இல்லை. உபினில் ஒரு குறையும் தெரியவில்லை, அதனால் தொடவில்லை. அங்கே இரண்டாவது நாள், நாலாவது இறக்கத்தில் பாதி தூரம் வந்ததும் பின் லீவர் சும்மா போய்க் கைப்பிடியில் ஒட்டிக்கொண்டது. பஞ்சை அமுக்கினது போல. முன் பிரேக்கைப் பயத்தில் இறுக்கிப் பிடித்தேன், பெரணிப் புதருக்குள் தலைகீழாகப் போய் விழுந்தேன். கைமுட்டியில் தழும்பு இன்னும் இருக்கிறது. பிரேக்கைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, முழுக்க என் சோம்பேறித்தனம்.

டாட் திரவம் காற்றில் உள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும். புதிதாக ஊற்றும்போது டாட் 4 கொதிப்பதற்குக் குறைந்தது 230 டிகிரி, டாட் 5.1 என்றால் 260 டிகிரி வேண்டும். ஈரம் ஏறிய நிலையில் தர விதிப்படி அதே டாட் 4 வெறும் 155, டாட் 5.1 வெறும் 180 தாங்கினால் போதும். கொதித்தால் ஆவி. ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. லீவர் கைப்பிடிக்குப் போனது அதனால்தான். ஈரத்துணி இரண்டு நாள் ஆனாலும் காயாத நம் ஊரில் மூன்று வருடம் விட்டுவைத்தது என் புத்தி.

உங்கள் ஷிமானோவில் ஓடுவது மினரல் ஆயில். அது தண்ணீரை உறிஞ்சாது, அதனால் பிளீட் பண்ணவே, அதாவது பழைய எண்ணெயை எடுத்துவிட்டுப் புதிது ஊற்றவே, தேவையில்லை என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உறிஞ்சாத தண்ணீர் எங்கே போகும்? எண்ணெயைவிடக் கனம் என்பதால் கீழே இறங்கும். பிரேக்கில் ஆகக் கீழே இருப்பது பிஸ்டனும் பேட்டும் உட்கார்ந்திருக்கும் காலிப்பர், ஆகச் சூடாவதும் அதுதான். அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றால் 100 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே கிளம்புவதற்கு முன் இரண்டு பிரேக்கையும் புது எண்ணெய் விட்டு பிளீட் பண்ணுங்கள். ஒன்றில் மற்றதை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். டாட் பிரேக்கின் ரப்பர் சீல் வேறு, மினரல் பிரேக்கின் சீல் வேறு. மாற்றி ஊற்றினால் சீல் ஊதிப்போய் முழு செட்டும் குப்பைக்குத்தான். பிராண்டை வைத்தும் முடிவு பண்ண முடியாது. ஸ்ராம் என்றாலே டாட் என்று இருந்த காலம் உண்டு, 2024இல் வந்த மேவன் மினரல் ஆயிலில் ஓடுகிறது. லீவர் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

சரி, எதை வாங்குவது. முதலில் முன் டிஸ்க்கை 203 ஆக்குங்கள். 180இலிருந்து 203 போனால் அதே விரல் அழுத்தத்துக்கு எட்டில் ஒரு பங்கு கூடுதல் பிடி கிடைக்கும், சூட்டை வாங்கவும் விடவும் கூடுதல் இரும்பும் கிடைக்கும். பிரேக் உலகில் இவ்வளவு குறைந்த காசுக்கு இவ்வளவு லாபம் வேறு எதிலும் இல்லை. உங்கள் ஃபோர்க் எவ்வளவு பெரிய டிஸ்க் தாங்கும் என்று அதன் கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள், கூடவே காலிப்பரை அந்த அளவுக்குத் தள்ளிவைக்கும் அடாப்டரும். இதில் ஒரு சில்லறைத் தொல்லை உண்டு. ஸ்ராமின் பெரிய டிஸ்க் 200, ஷிமானோவுடையது 203. ஒன்றின் அடாப்டரில் மற்றதை மாட்டினால் பேட் டிஸ்க்கின் விளிம்பில் சரியாக உட்காராது.

பழைய டிஸ்க்கைப் பின்னால் வைத்துக்கொள்வதாக இருந்தால் அதில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று படியுங்கள். ரெசின் பேட் மட்டும் என்று போட்டிருந்தால் அதில் மெட்டல் பேட் போடக்கூடாது, டிஸ்க்கைத் தின்றுவிடும். சைக்கிளோடு சேர்ந்து வரும் மலிவு டிஸ்க்குகளில் இது சகஜம். குவீன்ஸ்டவுனுக்கு உங்கள் எடைக்கு நான் மெட்டல் பேட்தான் சொல்வேன். சத்தம் போடும், முதல் கடி கொஞ்சம் மந்தமாக இருக்கும், ஆனால் சூட்டில் கைவிடாது. செஸ்நட்டில் மழைக்கு மறுநாள் அந்தச் செம்மண் சேற்றில் ரெசின் பேட் எவ்வளவு சீக்கிரம் தேய்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

நாலு பிஸ்டன் விஷயத்தில் உங்கள் நண்பர்கள் சொல்வது பாதி சரி. 88 கிலோவுக்கு, பத்து நாள் டவுன்ஹில்லுக்கு, நானும் நாலு பிஸ்டன்தான் போடுவேன். பேட் நீளம், பரப்பு அதிகம், சூடு பரவ இடம் உண்டு. எண்டியூரோ மட்டும் என்றால், அதாவது மிதித்து ஏறி, நேரம் குறித்து இறங்குகிற ஓட்டம் என்றால், முன்னால் நாலு, பின்னால் இரண்டு என்றுகூடச் சமாளிக்கலாம். ஆனால் முழு செட் எதற்கு? எஸ்எல்எக்ஸ் 7100 லீவர் அதே வரிசையின் நாலு பிஸ்டன் காலிப்பரான 7120க்கும் பொருந்தும். லீவரை வைத்துக்கொண்டு காலிப்பர் இரண்டை மட்டும் மாற்றுங்கள். எப்படியும் பிளீட் பண்ணத்தானே போகிறீர்கள். மிச்சமாகிற காசைக் காட்டி மனைவியிடம் நல்ல பேர் வாங்கலாம், அல்லது இன்னும் இரண்டு நாள் கேபிள் கார் டிக்கெட் எடுக்கலாம்.

நாலு பிஸ்டனின் பேட் வடிவம் வேறு. கையில் இருக்கும் பழைய பேட் உதவாது, இரண்டு ஜோடி உபரி எடுத்துப் போங்கள். புது பேட்டைப் பதப்படுத்தாமல் மலை ஏறாதீர்கள். புளோக்கின் கீழே கார் இல்லாத நேரம் பார்த்து, நடுத்தர வேகத்திலிருந்து நடக்கும் வேகத்துக்கு வருவது போல இருபது தடவை பிடியுங்கள், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், முழுசாக நிற்காமல். விமானத்துக்குச் சக்கரத்தைக் கழற்றிப் பையில் வைக்கும்போது பேட்டுகளுக்கு நடுவே அந்தச் சின்ன பிளாஸ்டிக் துண்டைச் சொருகுங்கள். பையில் லீவர் அமுங்கினால் பிஸ்டன் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும், ஊர் போய்ச் சேர்ந்து டிஸ்க் உள்ளே நுழையாது. அது தொலைந்துவிட்டால் அட்டையை மடித்துச் சொருகினாலும் போதும்.

கேள்வி: ஐயா, மகனின் மலை சைக்கிள் பிரேக் கிரீச் கிரீச் என்று தெம்பனிஸ் முழுக்கக் கேட்டது. சங்கிலிக்கு அடிக்கும் ஸ்பிரேயை நானே டிஸ்க்கில் கொஞ்சம் அடித்தேன். சத்தம் நின்றுவிட்டது, பிரேக்கும் பிடிக்க மாட்டேன் என்கிறது. துடைத்தால் சரியாகுமா?

பதில்: அம்மா, நல்ல மனசோடுதான் செய்தீர்கள். ஆனால் மகனை இன்றைக்கு அந்த சைக்கிளில் ஏற விடாதீர்கள். டிஸ்க்கைக் காப்பாற்றலாம். மருந்துக்கடையில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்கி, சுத்தமான துணியில் நனைத்து, துணி கறுக்காமல் வரும் வரை துடையுங்கள். பேட் எண்ணெயைக் குடித்துவிட்டது. அடுப்பில் சுடுவது, உப்புத்தாளில் தேய்ப்பது என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். நானும் ஒரு காலத்தில் எல்லாம் செய்து பார்த்தவன்தான், எண்ணெய் திரும்பத் திரும்பக் கசிந்து வரும். புது பேட் ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள். மேலே அந்தத் தம்பிக்குச் சொன்ன இருபது பிடியை மகன் கீழே போய்ச் செய்யட்டும். அந்த ஸ்பிரே டப்பாவைச் சமையலறை அலமாரியின் ஆக மேல் தட்டில் வைத்துவிடுங்கள்.