லேமினார் இருந்தால் போதுமா?

கேள்வி: என் மாமனாருக்கு முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன். ஓர் ஆஸ்பத்திரியில், "எங்களிடம் லேமினார் ஃப்ளோ தியேட்டர் இருக்கிறது, இன்ஃபெக்‌ஷனே வராது" என்கிறார்கள். இன்னொன்றில் அந்த வசதி இல்லை. டாக்டர் அனுபவசாலி, செலவும் குறைவு. எதற்குப் போவது?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: ‘வராது’ என்று அடித்துச் சொல்லும் இடத்தில் கொஞ்சம் உஷாராகவே இருங்கள். தியேட்டருக்கு ஏ.சி. அமைப்பதுதான் என் பிழைப்பு. லேமினாரும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள் என்றுதான் நானும் சொல்வேன்.

தியேட்டர் காற்றில் வரும் கிருமிகள் பெரும்பாலும் உள்ளே நிற்பவர்களின் தோலிலிருந்து உதிரும் செதில்களில் தொற்றிக்கொண்டு வருபவை. லேமினாரில், மேஜைக்கு நேர் மேலே கூரையிலிருந்து ஹெப்பா ஃபில்டரில் (மிக நுண்ணிய தூசியையும் கிருமியையும் பிடித்துவிடும் ஃபில்டர்) வடிகட்டிய காற்று சீராக இறங்கும். அந்தச் செதில்களைத் தள்ளிக்கொண்டு, சுவரின் அடியில் உள்ள கிரில் வழியே வெளியேறும்.

மூட்டு மாற்றில் சுத்தக் காற்றுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவர் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரி சர்ஜன் ஜான் சார்ன்லி. 1960களில் தியேட்டருக்குள்ளேயே ஒரு சின்ன அறை கட்டி, வடிகட்டிய காற்றை அதற்குள் விட்டார். இடுப்பு மூட்டு மாற்றியவர்களில் சுமார் 7 சதவீதமாக இருந்த தொற்று, பத்தாண்டுகளில் அரை சதவீதத்துக்கு வந்தது. ஆனால் அதே காலத்தில் சர்ஜன்களின் அங்கியையும் மாற்றினார், அவர்களின் மூச்சுக் காற்றை அங்கிக்குள்ளிருந்தே உறிஞ்சி எடுக்கவும் ஏற்பாடு செய்தார். அதனால் பெருமை முழுவதும் காற்றுக்கே என்று சொல்ல முடியாது. 2016-ல் உலக சுகாதார நிறுவனம், மூட்டு மாற்றில் தொற்றைக் குறைக்க லேமினார் வேண்டியதில்லை என்றே பரிந்துரைத்தது. கீறுவதற்கு முன்பே ஆன்டிபயாட்டிக் ஏறியிருக்கிறதா என்பதுதான் அதைவிட முக்கியம்.

எனக்குக் கவலை கதவுதான். வராந்தாக் காற்று உள்ளே வராமலிருக்க, தியேட்டருக்குள் காற்றழுத்தம் வராந்தாவைவிடச் சற்று அதிகமாக இருக்க வேண்டும். கதவிடுக்கில் ஒரு டிஷ்யூ பேப்பர் கீற்றைப் பிடித்தால் அது வெளிப்பக்கம் படபடக்கும். அப்படித்தான் நாங்கள் சட்டென்று பார்ப்போம். கதவைத் திறந்தால் அழுத்தம் போய், அந்தக் கீற்று தொங்கிவிடும். மூட்டு மாற்றில் இம்ப்ளான்ட் (செயற்கை மூட்டு) சைஸ் தேடி ஒருவர் போவார், பெட்டியோடு இன்னொருவர் வருவார், வேடிக்கை பார்க்க இரண்டு பேர். கோடி ரூபாய் மெஷினை அந்தக் கதவு தோற்கடித்துவிடும்.

ஆகவே இரண்டு ஆஸ்பத்திரியிலும் இதைக் கேளுங்கள்: போன வருடம் எத்தனை முழங்கால் மாற்றினீர்கள், எத்தனை பேருக்குச் சீழ் பிடித்தது? ஃபில்டரைக் கடைசியாகச் சோதித்தது எப்போது? எண்ணைச் சொல்லத் தயங்காத இடத்துக்குப் போங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் நர்ஸிங் ஹோம் தியேட்டரில் வீட்டு ஸ்ப்ளிட் ஏ.சி.தான் ஓடுகிறது. பரவாயில்லையா?
- ஒரு வாசகர், பரமக்குடி

பதில்: கூடாது. அது இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றி விடும். புதுக் காற்று கிடையாது, ஹெப்பா கிடையாது, உள்ளே ஈரத்தில் பூஞ்சை வேறு பிடிக்கும். மணிக்கு 20 முறை காற்று மாற வேண்டும், அதில் 4 முறையாவது வெளிக்காற்றாக இருக்க வேண்டும் என்கிறது ஆஸ்பத்திரிகளுக்குத் தரச் சான்று தரும் என்.ஏ.பி.எச். அமைப்பின் விதி, ஸ்ப்ளிட், ஜன்னல் ஏ.சி. இரண்டையும் எந்த வகைத் தியேட்டரிலும் அது ஏற்பதில்லை.