கேளுங்கள், சொல்கிறேன்: நுவரெலியாவில் புளிக்காத தோசை மா

கேள்வி: எங்கள் வீடு வெள்ளவத்தையில். கணவருக்கு வங்கியில் வேலை. மே மாதக் கடைசியில் நுவரெலியாவுக்கு இடமாற்றம் வந்ததால் நானும் ஆறு வயது மகனும் மாமியும் கூடவே வந்துவிட்டோம். மூன்று மாதமாகியும் எதுவும் பழகவில்லை. உடுப்பு காய்வதில்லை, தோசை மா புளிப்பதில்லை, ஏழு மணிக்கு ஊரே அடங்கிவிடுகிறது. மாமிக்கு முழங்கால் வலி வேறு. கதைத்துப் பழகவும் ஆள் இல்லை, சுற்றிவரத் தோட்டத்து ஆட்கள்தான். வெள்ளிக்கிழமை பின்னேரமானால் வானில் ஏறிக் கொழும்புக்கு ஓடிவந்துவிடுகிறோம். பேசாமல் மகனையும் மாமியையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்துவிடட்டுமா? இவர் மட்டும் சனி ஞாயிறில் வந்து போகலாம்தானே?
பெயர் வேண்டாம், நுவரெலியா

பதில்: தங்கச்சி, கோபிக்க வேண்டாம், நீங்கள் இன்னும் நுவரெலியாவுக்குப் போகவே இல்லை. சாமான்தான் போயிருக்கிறது. உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது அந்த வெள்ளிக்கிழமை வான். போக ஐந்தாறு மணித்தியாலம், வர ஐந்தாறு மணித்தியாலம், திங்கட்கிழமை எல்லோருக்கும் தலையிடி. ஆட்கள் ஆறுதலாக வாசலில் நின்று கதைக்கிற இரண்டு நாளும் நீங்கள் அங்கே இல்லை, பிறகு மகனோடு படிக்கிற பிள்ளையின் தாய் யார், நல்ல மரக்கறி எந்தக் கடைக்கு எத்தனை மணிக்கு வருகிறது என்பதெல்லாம் எப்படித் தெரியவரும்?

இதே பிழையைச் செய்தவள் என்பதால்தான் சொல்கிறேன். நாங்களும் அங்கே நாலு வருடம் இருந்தோம். முதல் அரை வருடம் கொட்டாஞ்சேனை வீட்டுச் சாவியைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன், எதற்கென்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

அடுத்தது, நீங்கள் போய் இறங்கிய நேரம். மே மாதத்தில் தொடங்குகிற தென்மேற்குப் பருவமழை செப்டெம்பர் வரை அந்தப் பக்கத்து மலையை விடாது. ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில், வருடச் சராசரி வெப்பநிலையே 16 பாகை அளவில் இருக்கிறது, அதோடு ஓயாத தூறலும் சேர்ந்தால் யாருக்குத்தான் மனம் சோராது? ஜனவரி, பெப்ரவரி வரட்டும். விடியற்காலை புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும், குளிர் இதைவிடக் கடுமை, ஆனால் பத்து மணிக்கு வானம் பளிச்சென்று திறந்து வெயில் வரும், உடுப்பும் காயும். அந்த ஊரைப் பிடிக்கிறதா இல்லையா என்பதை அப்போது சொல்லுங்கள். ஏப்ரலில் மட்டும் முடிவெடுக்க வேண்டாம், சீசன் கூட்டத்தில் பாண் வாங்கக்கூட வெளியே இறங்க மனம் வராது.

சரி, தோசை மா. மாவைப் புளிக்கவைக்கிற கிருமிகளுக்குச் சூடு வேண்டும், வெள்ளவத்தையில் இரவு அரைத்து வைத்தால் காலையில் பொங்கி நிற்கிற மா, அங்கே ஒரு முழு நாள் கேட்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் அரையுங்கள். ரைஸ் குக்கரில் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சூடாக்கி, சுவிட்சை நிறுத்தி, தண்ணீரை வெளியே கொட்டிவிட்டு, அந்த இளஞ்சூட்டுக்குள் மாப் பாத்திரத்தை வைத்து மூடி, மேலே ஒரு பழைய கம்பளியைச் சுற்றிவிடுங்கள். பருப்பு வேகாமல் அடம்பிடிப்பதற்கும் உயரம்தான் காரணம். அங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும், பிறகு எவ்வளவு எரித்தாலும் சூடு ஏறாது, கேஸ்தான் தீரும். பிரஷர் குக்கர் இல்லாவிட்டால் முதலில் அதை வாங்குங்கள். தேங்காயெண்ணெயை வாய் அகன்ற போத்தலில் ஊற்றி வையுங்கள். 24 பாகைக்குக் கீழே அது கட்டியாகிவிடும், தலைக்குப் பூசக் கரண்டியால் தோண்ட வேண்டியிருக்கும்.

அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் பட்டுச்சேலையில் பூஞ்சணம் பிடிக்கும். குளிருக்காகக் கரிச் சட்டியை மூட்டிப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவது மட்டும் கூடவே கூடாது, அந்தப் புகையில் மணமே இல்லாத நஞ்சு இருக்கிறது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

இனிக் கொஞ்சம் ஏசப் போகிறேன். "தோட்டத்து ஆட்கள்தான்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தத் "தான்" எங்கிருந்து வந்தது? கொழும்பில் எங்கள் வீடுகளிலேயே சாப்பாட்டு மேசையில் புழங்குகிற இன்னும் மோசமான சொல் ஒன்று இருக்கிறது, அதைக் கேட்டு வளர்ந்த பழக்கம். அவர்கள் அந்த மலைக்கு வந்து 200 வருடமாகிறது. தேயிலையை நட்டதும் ரோட்டை வெட்டியதும் அவர்கள் கை. 1948இல் சட்டம் போட்டுக் குடியுரிமையைப் பறித்த பிறகும் அங்கேயே உழைத்துக்கொண்டு இருந்தார்கள். நீங்கள் போய் மூன்று மாதம். கம்பளி சுற்றுகிற வித்தையை எனக்குச் சொல்லித் தந்ததே பக்கத்து வீட்டில் இருந்த, கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற ஒரு அம்மாதான். என் மாப் பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "இது செத்துக் கிடக்குதே பிள்ள" என்றார். அன்றிலிருந்து தினமும் நாலு மணித் தேத்தண்ணி அவர் வீட்டில்தான்.

தொடர்ந்து நாலு சனி ஞாயிறு அங்கேயே இருங்கள். வானுக்குச் சொல்லிவிடுங்கள். மகனின் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். முடிவைப் பெப்ரவரிக்குப் பிறகு பார்க்கலாம். மாமியின் கதை வேறு. வலிக்கு வைத்தியரிடம் காட்டுங்கள், சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். அப்புறம், அவர் திரும்பி வர விரும்புகிறாரா என்று அவரிடமே கேட்டீர்களா? கடிதத்தில் அவருடைய முழங்கால் இருக்கிறது, வாயைக் காணவில்லை.

கேள்வி: ஓய்வுபெற்றுவிட்டேன். கொழும்புப் புழுக்கம் தாங்கவில்லை. பண்டாரவளைக்குக் கிட்ட, சரிவில், நல்ல காட்சியோடு 12 பேர்ச் காணி மலிவாக வருகிறது. வாங்கலாமா?
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், தெஹிவளை

பதில்: மலிவு என்கிறீர்கள், சரிவு என்கிறீர்கள், இரண்டும் ஒரே வரியில் வந்தால் எனக்கு வயிறு கலங்கும் ஐயா. பண்டாரவளையும் பதுளை மாவட்டம்தான், 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயன் வரிசைகளை மண்சரிவு மூடியதும் அதே மாவட்டத்தில்தான். அட்வான்ஸ் கொடுக்க முன், அந்த இடம் மண்சரிவு அபாய வலயமா என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தில் கேளுங்கள், வீடு கட்டுவதற்கும் அவர்களுடைய சிபாரிசு தேவைப்படும். காணியை நல்ல மழை நாளில் போய்ப் பாருங்கள். தரகர் வெயில் நாளில்தான் கூட்டிப்போவார். நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், சாய்ந்த கம்பம், புதிதாகக் கசிகிற ஊற்று, திடீரென்று கலங்கிய தண்ணீர், இதில் ஒன்று கண்ணில் பட்டாலும் திரும்பி வந்துவிடுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஆம்புலன்ஸ் வாசல் வரை ஏறுமா என்பதையும் பாருங்கள். உறுதியைச் சட்டத்தரணியிடம் காட்டுவது பிறகு. இத்தனைக்கும் முதல் அங்கே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஒரு வருடம் இருந்து பார்த்தால் இன்னும் நல்லது.

கேள்வி: கொழும்பில் வாங்கிய சிப்ஸ் பக்கெட் நுவரெலியா போய்ச் சேரும்போது பலூன் மாதிரி ஊதிவிட்டதே, பழுதா?
பத்தாம் வகுப்பு மாணவி, வத்தளை

பதில்: இல்லை மகள், தாராளமாகச் சாப்பிடலாம். பக்கெட்டுக்குள் இருப்பது கொழும்புக் காற்று, மேலே போகப் போக வெளியே காற்றழுத்தம் குறைவதால் உள்ளே இருக்கிறது விரிகிறது. ஷாம்பு போத்தலும் அப்படித்தான். மூடியைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், என்னுடைய கறுப்பு ஸ்வெட்டர் அப்படித்தான் போனது.